உங்கள் அம்மா லென்ஸ் வாங்கிய கதை

பள்ளிக்கூடத்தில் உங்கள் அம்மாவைப் ‘போட்டோக்கார அம்மா’ என்கிறார்களாம். சின்னவள் வந்து சொன்னாள். கூடவே, “அப்புறம் ஏம்ப்பா அம்மா கல்யாணத்துக்கெல்லாம் போக மாட்டேங்குது? பெரிய காமிரா ஏன் வாங்கல?” என்றும் கேட்டாள். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அந்தப் பழைய காமிரா உங்கள் மாமா கொடுத்தது. மேட்டுப்பாளையத்தில் அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது முதலாளி அதை அவருக்குக் கொடுத்தார். அவர் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார். நம் நடுவட்டத்து மலை ஈரம் உங்களுக்குத் தெரியும். பத்து நாள் போடாத செருப்பு பூத்துவிடும். முதல் மழைக்காலத்திலேயே லென்ஸுக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. துடைக்கவும் முடியாது. எந்தப் படம் எடுத்தாலும் மேலே ஒரு மூலையில் வெள்ளையாகப் புகை மாதிரி தெரியும்.

நானாக இருந்தால் தூக்கிப் பரணில் போட்டிருப்பேன். உங்கள் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அந்த மூலை வானத்தின் மேலோ மஞ்சு மூட்டத்தின் மேலோ விழுகிற மாதிரி நின்று எடுக்கப் பழகினாள். சாயங்காலம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், மஞ்சு எந்தப் பள்ளத்திலிருந்து ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். அது சரியான இடத்துக்கு வந்ததும் ஒரே ஒரு படம். “அக்கா எடுத்தா மலையே பொகையுது” என்று நான் வேலை செய்யும் டீ ஃபேக்டரியில் பையன்கள் சொல்வார்கள். பாதிப் புகை பூஞ்சை என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் கேட்டார். அவருடைய மகளுக்கு ஊட்டியில் கல்யாணம். “ஸ்டுடியோக்காரனுக்குக் கொட்டிக் குடுக்கறத உங்க வீட்டம்மாவுக்கே குடுக்கறனுங்க. நல்ல காமிராவா வாங்கச் சொல்லுங்க, இன்னும் நாலு எடத்துல நானே சொல்லி விடறேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஒரு காமிரா, இரண்டு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், பை என்று மேஜை நிறைய எடுத்து வைத்தார். “கல்யாண ஆர்டர்னா இது எல்லாமே வேணுங்க. ஒண்ணு இல்லைன்னாலும் மானம் போயிரும்” என்றார். உங்கள் அம்மா எதையும் விலை கேட்கவில்லை. “நடுவுல காமிரா நின்னு போச்சுன்னா என்னங்க பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

“ரெண்டாவது காமிரா கையில இருக்கணுங்க.”

“அதும் நின்னுட்டா?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வீட்டம்மா நெம்ப யோசிக்கறாங்க.” அடுத்த ஞாயிறு வரைக்கும் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். மகளிர் குழுக் கடனையும் போனஸையும் சேர்த்தால் வாங்கிவிடலாம். ஆனால் அதன் பிறகு வேறு எதற்கும் கையில் ஒன்றும் இருக்காது.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மறுநாள் கிளார்க் ஃபேக்டரிக்கு வந்தபோது, “எடுத்துருவாங்க சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் அன்று சாயங்காலமே ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு ரூபாய் சேர்த்து ஆயிரத்தொன்று என்று வைத்து என் கையில் கொடுத்தார். வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் அது வாக்குக் கொடுத்த மாதிரி. தெரிந்தேதான் வாங்கிக்கொண்டு வந்தேன். உங்கள் அம்மா தட்டைப் பார்த்தாள். திட்டவில்லை. சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். “நான் இன்னும் முடிவு பண்ணலைங்க” என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் எஸ்டேட்டின் கடைசி லைன் வீடுகளில் ஒருவர் இறந்துபோனார். பஸ் நிறுத்தத்தில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். வேறு படமே இல்லாததால் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அவரைத் தெரிந்தவர்களே பேரைப் படித்துத்தான் கண்டுபிடித்தார்கள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு மேஸ்திரியாக இருந்து ரிட்டையர் ஆனவர், குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நம் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, எனக்கு ஒரு படம் புடிச்சுக் குடு.”

“எதுக்குங்க பெரியப்பா, பேங்குக்கா?” என்றாள் உங்கள் அம்மா.

“செவுத்துக்கு. மாலை போடறதுக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். “சிரிக்காதடா. என் கூட முப்பது வருசம் வேலை செஞ்சவன், போஸ்டர்ல திருடனாட்டம் நிக்கறான். என்னைய அப்படி ஒட்டுனீங்க, எந்திரிச்சு வந்து கிழிப்பேன்.”

பின்னாலேயே வந்த பெரியம்மா சொன்னார்: “உசுரோட இருக்கறப்பவே எந்திரிக்க அரை நாளாகுது. செத்தப்புறம் எந்திரிச்சு வாராராம்.”

உங்கள் அம்மா அவரை நம் கதவு நிலைக்கு உள்ளே, வெளியே பார்த்தபடி ஸ்டூலில் உட்கார வைத்தாள். வெளியே மஞ்சு. அந்த வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழுந்தது. பின்னால் என் கருப்புக் கம்பளியைத் தொங்கவிட்டாள். பெரியப்பா எக்ஸ்ரே எடுப்பதற்கு நிற்பது போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் விடவில்லை. உங்கள் அம்மா காமிராவை மடியில் இறக்கி வைத்தாள்.

“ஏனுங்க பெரியப்பா, கவாத்து வெட்டறப்ப ஆளுங்க கத்திய மேல புடிச்சு வெட்டுனா என்ன சொல்லுவீங்க?”

“என்ன சொல்லுவனா? டேய், செடிக்கு முடி வெட்டறயா, கவாத்து வெட்டறயா? கீழ எறங்குடா, இன்னும் எறங்கு!” என்று வீடே அதிரக் கத்தினார். பிறகு தானே சிரித்துவிட்டார். அவள் அப்போதும் எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கி, வாய் மூடி, கண்ணில் மட்டும் அது மிச்சமிருந்தபோது ஒரே தடவை அழுத்தினாள்.

இருபது வருடமாகப் பார்த்த மனுஷன். இந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. உங்கள் அம்மா எங்கே படித்தாள் இதையெல்லாம்? யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாமல் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் கருப்புக் கம்பளி பூஞ்சையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. காமிராவின் சின்னத் திரையில் பார்த்தால், அவர் தலைக்கு மேலே மூலையில் வெள்ளையாக ஒரு புகை.

“என்னம்மா, இப்பவே மேல கெளம்பிட்ட மாதிரி இருக்குது?” என்றார் பெரியப்பா. ஆனாலும் மடித்து வைத்திருந்த நோட்டை நீட்டினார்.

“வேண்டாங்க பெரியப்பா. இதுக்குக் காசு வாங்கக் கூடாது. நல்லா எடுக்கறப்ப நானே கேட்டு வாங்கிக்கறேன்.”

அந்த வாரத்துக்குள் இன்னும் ஆறு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: “கொஞ்சம் பொறுங்க.”

சனிக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். “பெரிய காமிரா வேண்டாங்க. பழைய காமிராவுக்கே சேர்ற மாதிரி நல்ல லென்ஸ் ஒண்ணு. ஈரம் ஏறாத டப்பா ஒண்ணு. போட்டோ பிரிண்ட் போடற சின்ன மெசின் ஒண்ணு. அது போதும்.”

“கல்யாணம்?”

“அது வேண்டாம்.”

“பயமா புள்ள?”

“ஆமாங்க, பயந்தான். காமிரா நின்னு போச்சுன்னு தாலிய இன்னொருக்கா கட்டச் சொல்ல முடியுமா? பெரியப்பாவ நான் பத்து வாட்டி உக்கார வைப்பேன். அடுத்தவங்க ஊட்டுக் கல்யாணத்துல போயி நான் வேலை பழகக் கூடாதுங்க.”

நான் வாங்கி வந்த தட்டு சாமி படத்துக்குக் கீழே இருந்தது. வெற்றிலை வாடிவிட்டது. புது வெற்றிலை வாங்கி வைத்து, அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். கிளார்க்குக்கு முகம் சுருங்கிவிட்டது.

“உங்க வீட்டுக்காரர் வாக்குக் குடுத்தாரேம்மா?”

“அவரு குடுத்ததுங்க சார். படம் எடுக்கறது நானுங்க. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது, நல்ல ஆளாப் பாத்துக்கலாம். அதான் இப்பவே வந்து சொல்றேன்.”

“அப்ப அவரையே புடிக்கச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க சார். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் காலு மட்டுந்தான் வரும்.”

உள்ளே இருந்து கிளார்க் வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அவரால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, இன்று வரைக்கும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊட்டிக் கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பெரிய காமிராவை எடுக்கப் போனார். உங்கள் அம்மா வேண்டியதை மட்டும் சொன்னாள். லென்ஸைக் கையில் வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தாள். அரிசியில் கல் பார்க்கிறவள் மாதிரி, அவசரமே இல்லாமல். பிறகு, “சரிங்க” என்றாள்.

கடைக்காரர் வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு, “சொல்லுங்க சார், பேரு?” என்று என்னைக் கேட்டார். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் பேரைச் சொன்னாள்.

“தொழில் என்னங்க போடறது? ஸ்டுடியோவா?”

“கொழுந்து எடுக்கறனுங்க” என்றாள். அவர் பேனாவை அட்டையில் வைத்ததும், “போட்டோவும் எடுக்கறேன். ரெண்டையும் போடுங்க” என்றாள்.

கட்டத்தில் அவ்வளவு இடம் இல்லை. கடைக்காரர் எழுத்தைப் பொடியாக்கி இரண்டையும் எழுதினார்.