மந்தைக்கு முன்னால்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. டென்மார்க்கில், கோல்டிங் நகரில் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. ஒரு வீட்டில் சப்பாத்தைக் கழற்றும்போதே அடுத்த வீட்டுத் திறப்பு கைக்கு வந்துவிடும். காலில் சக்கரம் பூட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார் என் கணவர். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஒரே மகள், ஆடுகளுக்குப் பின்னால் நடப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள்.

படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று எங்கள் ஆட்கள் பிள்ளைகளை ஏசுவார்கள். இவள் நன்றாகத்தான் படித்தாள். பல்கலைக்கழகத்தை முடித்த கையோடு, மேற்குக் கரையில் செம்மறி வளர்க்கும் ஒரு டேனிஷ்காரரிடம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், "விவசாயத்தில ஏதோ" என்று சொல்லிவிட்டு பணிஸை வாய்க்குள் திணித்துக்கொள்வேன்.

போன மே மாதம், தெரிந்தவர் ஒருவர் மூலம் அவளுக்கு ஓர் அலுவலக வேலைக்கு வழி பார்த்திருந்தேன். நிரந்தர வேலை. திங்கட்கிழமை நேர்முகம். தொலைபேசியில் சொன்னேன். சனிக்கிழமை ஆடுகள் தீவுக்குப் போகின்றன, நானும் கூடப் போகிறேன், செப்டெம்பரில்தான் திரும்புவேன் என்று டேனிஷில் சொன்னாள். வீட்டில் நான் தமிழில் கேட்பதும் அவள் டேனிஷில் பதில் சொல்வதும் பாலர் பள்ளிக் காலத்திலிருந்தே பழகிப்போனதுதான். தீவுக்குப் போய்விட்டால் அவளை இழுத்து வர முடியாது. சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மலை உள்ள நாடுகளில் கோடை வந்தால் ஆடுகளைக் கணவாய் தாண்டி மேலே ஓட்டிப் போவார்களாம். டென்மார்க்கில் மலைக்கு எங்கே போவது? இங்கே கடல்தான் கணவாய். நீர் வற்றும்போது தீவு வரைக்கும் ஈர மணல் தெரியும். நீர் திரும்பி வருவதற்குள் மந்தை அந்த மணலைக் கடந்து, தீவின் புல்லுக்குப் போய்விட வேண்டும்.

நான் போய் இறங்கியபோது பட்டி திறக்கத் தயாராக இருந்தது. வழக்கமாக மந்தைக்கு முன்னால் தீவன வாளியோடு நடப்பவர் முதலாளிதான். அன்று அவருக்கு முழங்கால் வீங்கிப்போய், உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். மகள் பின்னால் நாயோடு வர வேண்டும். முன்னால் நடக்க ஆளில்லை. என்னைக் கண்டதும் ஒரு சோடி ரப்பர் சப்பாத்தையும் வாளியையும் நீட்டினாள்.

"நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். ஆட்டோட நடக்க வரேல்லை" என்றேன்.

முதலில் கடப்போம், பிறகு கதைப்போம் என்று டேனிஷில் சொன்னாள். எப்படிக் கூப்பிடுவது என்று காட்ட வாளியை வாங்கிக் குலுக்கினாள்.

"வாங்கோ பிள்ளையள்! கெதியா வாங்கோ! நேரம் போகுது!"

மந்தை முழுவதும் தலையைத் தூக்கியது.

அது என் குரல். பாலர் பள்ளிக்குப் போகும் காலைகளில், அவளுடைய ஜாக்கெட்டின் சிப்பை இழுத்தபடி நான் கத்திய அதே வார்த்தைகள், அதே இழுவை. எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை யாரிடம் சொல்வது? "ஏன் ஆட்டோட மட்டும் தமிழில கதைக்கிறாய்?" என்று கேட்டேன். அவசரத்தில் யாரையும் கூப்பிட வேறு மொழி வரவில்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

நடந்தோம். காற்று காதை அடைத்தது. பின்னால் நூற்றுக்கணக்கான குளம்புகள் ஈர மணலில் சளக் சளக்கென்று வந்தன. எனக்கு மெதுவாக நடக்க வராது. "ரோலி! ரோலி!" என்று மகள் தூரத்திலிருந்து கத்தினாள். அமைதி, அமைதி என்பதற்கு டேனிஷ். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அமைதி போய்விடும்.

பாதி வழியில் ஒரு வாய்க்கால். கடல் வற்றினாலும் அதில் மட்டும் தண்ணீர் நிற்கும். நான் இறங்கி நாலு அடி வைத்தேன். பின்னால் சளக் சளக் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கருமூஞ்சிச் செம்மறி ஒன்று கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எல்லாம் நின்றன.

நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா? தண்ணீரை அடித்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். "ஏன் நிக்கிறியள்? வாங்கோவன்!" என்று வாளியை ஆட்டினேன். மந்தை வெடித்தது போல இரண்டாகப் பிரிந்து ஓடியது. குட்டிகள் தாயைத் தேடிக் கதறின. முதலாளி சொன்ன டேனிஷ் வார்த்தையை இங்கே எழுத முடியாது. மகளும் நாயும் சுற்றிச் சுற்றி ஓடி மந்தையை ஒன்று சேர்த்தபோது, வாய்க்காலில் மிதந்த பாசி கரைப் பக்கமாக நகரத் தொடங்கியிருந்தது. கடல் திரும்பிவிட்டது. தாய் ஆடுகள் அந்தப் பக்கமும் குட்டிகள் இந்தப் பக்கமுமாக அகப்பட்டால், குட்டிகள் தண்ணீருக்குள் குதித்துவிடும். அதுவும் என்னால்.

மகள் மூச்சிரைக்க என்னிடம் வந்தாள். டேனிஷில் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நீங்கள் நிண்டா அதுகளும் நிக்கும். நீங்கள் திரும்பினா அதுகளும் திரும்பும். பின்னால நான் நிக்கிறன். திரும்பாமல் நடவுங்கோ."

அவள் என்னோடு அவ்வளவு தமிழை ஒன்றாகப் பேசிப் பல வருடங்கள் இருக்கும்.

இறங்கினேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டு, சப்பாத்துக்குள் புகுந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கழுத்து தன்பாட்டில் திரும்ப முயன்றது. வீதியைக் கடந்தாலும், கடையில் நின்றாலும், பிள்ளை வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே பழகிய கழுத்து அது. மாதாவே என்று சொல்லிக்கொண்டு வாளியைக் குலுக்கினேன். "வாங்கோ பிள்ளையள், கெதியா வாங்கோ." எதிரே தீவும் வானமும்தான். பிறகு ஒரு சளக். இன்னொன்று. பிறகு மழை கொட்டுவது போல எல்லாம் தண்ணீரில் இறங்கும் சத்தம். நான் அழுதேன். முன்னால் பார்க்க யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

தீவில் கால் வைத்ததும் ஆடுகள் ஒன்றும் நடக்காதது போலப் புல்லில் தலையைக் குத்தின. எங்களுக்குப் பின்னால் கடல் மூடிக்கொண்டது. மகளைக் கூட்டிப் போக வந்த நானும், உழவு இயந்திரத்தில் கூட வந்த முதலாளியும் மறுநாள் வரைக்கும் அங்கேதான்.

மாலையில் தீவிலிருந்த குடிலில் அவள் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "திங்கட்கிழமை..." என்று தொடங்கினேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம், நீங்கள் கூப்பிட்டா நான் வருவன், அம்மா" என்றாள். "ஆனா கூப்பிடாதேங்கோ."

மறுநாள் நீர் வற்றியதும் முதலாளியின் உழவு இயந்திரத்தில் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வாய்க்காலைத் தாண்டும்போது அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்து, "உன் மகள் கை காட்டுகிறாள்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிட்டுவிடுவேன். கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள்.