நான் நீக்கிய பதினொரு அளவுகள்

ஜமாலின் வேலை போனதற்குக் காரணம் நான். அவன் எடுத்து வந்த சரியான அளவுகளைத் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

2003. சான்டா கிளாராவில் வெப்ப அளவுக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் நான் சீனியர் இன்ஜினியர். வட கலிபோர்னியாவில் ஓர் எரிமலைப் பூங்கா. அங்கே மரப்பலகை நடைபாதையை ஒட்டி ஆண்டுதோறும் தரைச் சூட்டை அளந்து தருவது எங்கள் ஒப்பந்தம். பனி உருகும்போது சேறு கொதிக்கும் குழி, நீர் வற்றியதும் வெறும் நீராவித் துளையாகிவிடும். ஒரு துளை அடைத்துக்கொண்டால் நீராவி பக்கத்தில் வேறு வழி தேடும். வகுப்பெடுக்கிற அளவுக்கு இது எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு அளக்கப் போனவன் கீழக்கரை ஜமால். நடைபாதை வளைவில் பதினொரு இடங்களில் எழுபது டிகிரிக்கு மேல் என்று வந்து சொன்னான்.

“போன வருஷம் நானே அளந்தேன்ப்பா, இருபதுதான். ஒரே வருஷத்துல தரைக்குக் காய்ச்சல் வந்துடுச்சா?”

“தரைல குத்துற ப்ரோப்ப மூணு தடவ மாத்திப் பார்த்துட்டேண்ணே. ஷூவோட சேர்த்து கால் சுடுது. ஒரு தடவ நீங்களே வந்து பாருங்க.”

ஐந்து மணி நேர டிரைவ். நான் போகவில்லை. கருவியே தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, ‘காலிபிரேஷன் பிழை’ என்று குறித்துப் பதினொன்றையும் நீக்கினேன். கருவியைச் சோதிக்காமல் போனான் என்று மேனேஜர் அவனை வேலையிலிருந்து நீக்கினார். வேறு மாநிலத்தில், கேட்டி என்ற ஊரில் வேறு வேலை கிடைத்து அவன் விசா பிழைத்தது. ஆனால் நான்கு ஆண்டுக் காத்திருப்பு வீணாகி, கிரீன் கார்டு வேலைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அடுத்த கோடையில் அந்த வளைவில் பலகைக்கு அடியில் தரை உள்வாங்கி நீராவி பீறிட்டது. அதிகாலை என்பதால் யாரும் இல்லை.

“இயற்கை. முன்கூட்டி யாருக்குத் தெரியும்?” என்றார் மேனேஜர்.

எனக்குத் தெரிந்திருந்தது. அசல் அளவுகளை, ஜமாலின் பெயரோடும் நான் செய்ததைச் சொல்லும் கடிதத்தோடும், அவருக்கும் பூங்காவுக்கும் அனுப்பினேன். கையெழுத்திடும் பொறுப்பைப் பறித்து, என்னை மலைக்குப் போய் அளக்கும் வேலைக்கு இறக்கினார்கள். நியாயம்தான்.

பிறகு கேட்டிக்குப் போய் ஜமாலைப் பார்த்தேன்.

“ரிப்போர்ட்ட கரெக்ட் பண்ணிட்டீங்க, சரி. என் நாலு வருஷத்த எப்படிண்ணே கரெக்ட் பண்ணுவீங்க?”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வணக்கம்கூட இல்லை. ‘பழைய வருஷ அளவு எல்லாத்தையும் அனுப்புங்க.’ பூங்காவின் அனுமதி வாங்கி அனுப்பினேன். சூடு பார்க்கிங் பக்கம் நகர்வதாக வரைபடம் போட்டு அனுப்பினான். அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. பூங்கா பார்க்கிங்கை மாற்றியது, வரைபடத்தில் அவன் பெயரைப் போட்டது.

என்னை மன்னித்ததாக அவன் ஒருபோதும் எழுதவில்லை. ஆண்டுதோறும் என் அளவுகளைப் பார்த்து, சந்தேகப்படும் இடங்களைக் குறித்து, ‘திரும்ப அளங்க’ என்று மட்டும் எழுதுவான். நான் ஓய்வு பெறும்வரை, அவன் எழுதிய மறுநாளே மலைக்குக் கிளம்பிவிடுவேன்.