சீல் பிரிக்காத இன்னொரு பாட்டில்

ட்ரஃபிள் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும் என்றுதான் போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பேக்கரியில் விற்கிற சாக்லேட் கேக்!

அதனால்தான் எதிர்வீட்டு இன்பராஜ் வந்து, "ட்ரஃபிளை மாத்திட்டேன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சார்" என்று நின்றபோது ஒன்றும் புரியவில்லை. கேக்குக்காகவா ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள்?

இன்பராஜுக்குச் சொந்த ஊர் பள்ளிகொண்டா. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் சமையல். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, தையல் செக்‌ஷனில்.

நடந்தது இதுதான். ஷூ வாங்க இத்தாலியிலிருந்து வந்த பையர், முதலாளிக்கு இரண்டு சின்ன பாட்டில்களைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். உள்ளே கறுப்பு ட்ரஃபிள். மண்ணுக்கடியில் விளைகிற ஒரு காளானாம்... யானை விலையாம். இன்பராஜ் ஒரு பாட்டிலைத் திறந்து, சொன்னபடியே பாஸ்தா மேல் சீவிப் போட்டார். ஒரு வாய் வைத்ததும் பையரின் முகம் மாறிவிட்டது. வாசனையே இல்லை, இது நான் கொடுத்ததே இல்லை என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் கிச்சன் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கத்தவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இரு" என்றார். மறுநாள் பக்கத்து மெஷின் பெண் ஸ்டெல்லாவிடம் கேட்டாளாம்: "இன்னாக்கா, போயும் போயும் காளானையா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் எனக்கும் சந்தேகம் வந்தது.

"மாத்தி வெக்கறதுக்கு வேற ட்ரஃபிளுக்கு நான் எங்க சார் போவேன்? மார்க்கெட்ல கூறு போட்டா விக்கறாங்க?" என்றார் இன்பராஜ். வெட்கமாகிவிட்டது எனக்கு.

என் அக்கா மகள் நித்யா சென்னையில் உணவுப் பரிசோதனை லேப் ஒன்றில் இருக்கிறாள். போன் போட்டேன்.

"சீல் பிரிக்காத பாட்டில் ஒண்ணு இருக்கில்ல மாமா? அதையும், சீவினதுல மிச்சம் இருந்தா அதையும் அனுப்புங்க."

முதலாளியைப் போய்ப் பார்த்தேன். "தோலை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், காளானையுமா?" என்று தயங்கினார். ஆனால் கொடுத்தார்.

பத்து நாள். அதற்குள் இன்பராஜுக்குத் தன் மேலேயே சந்தேகம். "ஒருவேளை நான்தான் ஜாஸ்தி கழுவிட்டேனா சார்?"

ரிப்போர்ட் வந்தது. இரண்டு பாட்டிலிலும் ஒரே சரக்கு. லேபிளில் போட்டிருந்ததோ வேறு!

"பங்காளிங்க மாதிரி மாமா, பார்த்தா வித்தியாசமே தெரியாது. டிஎன்ஏ பார்த்தாத்தான் மாட்டும். லேபிள்ல இருக்கறது ஐரோப்பாவோட உசத்தி ரகம். உள்ள இருக்கறது ஆசியாவுல விளையற மட்ட ரகம். வாசனை ரொம்பக் கம்மி."

அப்படியானால் மாற்றியது யார்? பையரா? அவர் சொந்த ஊரில், வழக்கமான கடையில் வாங்கியவராம். கடைக்காரரா? அவருக்கு விற்றவரா? யோசித்தால் தலை சுற்றுகிறது. இன்பராஜ் இல்லை... அது மட்டும் தெளிவு.

ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி இன்பராஜை போனில் அழைத்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். "நாளைக்கு வேலைக்கு வந்துடு."

ஸ்டெல்லா போனை வாங்கிக்கொண்டாள். "எல்லார் எதிர்லயும் அனுப்பினீங்க சார். எல்லார் எதிர்லயும் கூப்பிடுங்க."

இரண்டு பேருக்குமே வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. மறுநாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால் முதலாளி தையல் செக்‌ஷனுக்கே வந்தார். "இன்பராஜ் மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். ஸ்டெல்லாவால் தலையை நிமிர்த்த முடியவில்லையாம். தைத்த லெதர் மேலேயே கண்ணீர் விழுந்திருக்கிறது.

எல்லாம் முடிந்தபிறகு நித்யாவிடம் கேட்டேன், அந்த மட்ட ரகத்துக்குப் பெயர் என்னவென்று. 'இண்டிகம்' என்றாள். இந்தியாவைச் சேர்ந்தது என்று அர்த்தமாம், நம் இமயமலையிலும் விளையுமாம்.

பாவம்... ஐரோப்பியப் பெயரில் ஊருக்குத் திரும்பி வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது!