மட்டையின் தடத்தில் ஒரு கை

விடுமுறைக்கு ஓடைப்பட்டி வந்திருந்த நாட்களில், எங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தரிசில் காலையில் கோல்ஃப் அடித்துப் பழகினேன். எல்லாப் பந்தும் வலப்பக்கம் வளைந்து பக்கத்துத் தோட்டத்து வேலியில் விழும். அங்கே காவலிருந்த நெட்டை மனிதர் ஒவ்வொரு பந்தையும் வேட்டியில் துடைத்துத்தான் திருப்பித் தருவார்.

ஒருநாள் பந்தைத் தராமல் நின்றார்.

"சார், மட்டைய எறக்கும்போது உங்களுக்குத் தோள் முந்துது. அதான் மட்டை வெளிய சுத்தி வருது. மொதல்ல இடுப்பத் திருப்புங்க. முழங்கைய விலாவோட எறக்குங்க."

மலைமேல் கோல்ஃப் மைதானத்தில் ஆட வருபவர்களின் மட்டைப் பையைச் சுமந்தவராம். சொன்னபடி முயன்றேன்; வரவில்லை. சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், என் மட்டை தப்பாகச் சுற்றிவரும் தடத்திலேயே இடது கையைத் தரையில் ஊன்றினார்.

"இப்ப அடிங்க. சரியா வந்தா கையில படாது."

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"என்னய்யா இது?" என்று கேட்டேன்.

"முன்ன ஒரு சாருக்கு இப்படித்தான் சொல்லிக்குடுத்தேன். அவுக தோள முந்தவிட்டுட்டாக."

"முதல்ல கையை எடுங்க!"

"எடுத்தா உங்களுக்கு வராது சார்."

அவர் எடுக்கவில்லை. நான் மட்டையை ஓங்கி வீசினேன். மட்டை அவர் கையில் படவில்லை; பந்து முதல்முறையாக நேராகப் பறந்தது. அவர் ஒன்றும் நடக்காதது போல எழுந்து அதை எடுக்கப் போனார்.

அன்றோடு கோல்ஃபை விட்டுவிட்டேன். அவர் ஏன் கையை வைத்தார் என்று இன்றுவரை புரியவில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகும் நான் அடித்தேனே, அதை நினைத்தால் என்மேலேயே பயம் வருகிறது.