கொன்றை பூத்த தேதி

அரியலூர் சாலையிலிருந்து விலகிய காட்டில் ஒரு கொன்றை மரம் நிற்கிறது. அதில் ஆண்டுதோறும் முதல் பூவைக் கண்ட தேதியை நோட்டில் குறித்து வந்தேன். தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது: சித்திரைக் கடைசி, சித்திரை முதல் வாரம், பிறகு பங்குனி. காட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே இருக்கும் சுரங்கத்தால் காடு மாறுகிறது என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காட்ட என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டுதான்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை மரத்தை ஒருமுறை பார்க்க நடந்தேன். மரத்தடியில், தினமும் பார்க்கும் ஆடு மேய்க்கும் பெண், வெட்டிய வேப்பங்கொப்புகளை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். அவரிடம் தேதிகளை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

“பெரம்பலூரு ஆபீஸ்ல இருந்தப்ப மாசத்துக்கு ஒருநாதானே சார் வருவீங்க? இப்ப விடிஞ்சா வந்துடுறீங்க. நீங்க வந்து பாக்குற வரைக்கும் மரம் பூக்காம காத்துக்கிட்டா இருந்துச்சு?”

கல்லில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். பழைய தேதிகள் அத்தனையும் ஞாயிற்றுக்கிழமைகள். நகர்வு தொடங்கியது நான் ஓய்வு பெற்ற ஆண்டில். யார் எழுதிய சரித்திரத்தைப் படித்தாலும், இந்தத் தேதி இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஓரத்தில் கேள்விக்குறி போடுகிறவன் நான். என்னை நான் கேட்கவேயில்லை.

“அப்ப எதுவுமே மாறலையா?”

“மாறாமயா கொப்ப அலசிக்கிட்டு நிக்கிறேன்? சுரங்கத்துத் தூசியோட போட்டா மோந்து பாத்துட்டுப் போயிடுதுங்க, மகாராணிங்க.”

வாளித் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. எத்தனையோ நாள் இதைத் தாண்டி நடந்திருக்கிறேன். குறித்துக்கொண்டதில்லை.

“நாளைக்கு வந்து இதைச் சொல்றீங்களா?”

“நான் வந்துட்டா இதுங்கள யாரு பாக்குறது? நீங்களா?”

“நான்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணு தொலைஞ்சாலும் கேட்டு உங்க வூட்டுக்கு வந்துடுவேன் சார்.”

மறுநாள் அவர் பஸ் ஏறினார். நான் கொப்பு அலசினேன், ஆடுகளின் பின்னால் முள்ளுக்குள் அலைந்தேன், நிழல் சாயும் வரை திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டேயிருந்தேன். நோட்டைத் திறக்க மனமில்லை.

மாலையில் திரும்பியவர் முதலில் ஆடுகளைச் சரிபார்த்தார். பிறகு சொன்னார்: “எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க சார். எந்தத் தேதியிலேருந்து இப்படின்னு கேட்டாங்க. காட்டுக்கு ஒரு சார் வருவாரு, அவரு எல்லாம் எழுதி வெச்சிருக்காருன்னு சொல்லிட்டேன்.”