எங்கள் அண்ணி, ஐ.நா. சபை

எங்கள் ஊரில் என் அண்ணி கயல்விழிக்கு ‘ஐ.நா. சபை’ என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, என் அண்ணன் சிலம்பரசன்தான். கட்டிய பெண்டாட்டிக்கே பட்டப்பெயர் வைத்த மகராசன். கிள்ளைக்குக் கிழக்கே கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அண்ணன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறான். அண்ணி சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டு, சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். நாத்தனார் சொல்கிற கதை என்பதால் கொஞ்சம் காரம் இருக்கும். பொய் இருக்காது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாளில், மீன் விற்றுவிட்டு வந்த அண்ணி ஒதுங்க இடம் தேடி ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தாள். கல்யாணம் நடக்கிறது, எப்படியும் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்திருக்கிறாள். நடந்தது அணு ஆயுத எதிர்ப்புக் கூட்டம். டீ கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்துவிட்டாள். காரணம், பேசியவர் ஜப்பான் மீனவர்களைப் பற்றிச் சொன்னது. எங்கேயோ தூரத்தில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த குண்டின் சாம்பல், மீன் பிடித்துக்கொண்டிருந்த படகின்மேல் கொட்டியதாம். கரைக்கு வந்த மீனை விற்க முடியாமல் குழி தோண்டிப் புதைத்தார்களாம். அதன் பிறகு ஒரு மீன் கடைக்காரர் மனைவி எழுந்து பேச, பெண்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்களாம்.

“மீனப் பொதச்சாங்களாம்டி!” என்று அன்றைக்கு ராத்திரி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். “யாரோ ரெண்டு பேரு மொறச்சுக்கறான். வாயில்லா மீனுக்கும் வலக்காரனுக்கும் என்ன வந்துது?”

அன்றிலிருந்து பிடித்தது சனி. மீன் வாங்க வருகிறவர்களிடம் அணுகுண்டை ஒழிக்கச் சொல்லி ஒரு கையெழுத்து, கரையோரத்தில் சுருக்குமடி வலை போடக் கூடாது என்று இன்னொரு கையெழுத்து. போட்டால் நாலு நெத்திலி கூடுதல். ஜப்பானில் அணுகுண்டு விழுந்த ஆகஸ்ட் ஆறாம் தேதி வியாபாரத்துக்கு லீவு விட்டுவிட்டு, கையில் அட்டையோடு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் நிற்பாள். முதல் வருஷம் அவளோடு நின்றது காவலுக்கு வந்த போலீஸ்காரர் மட்டும்தான். கடலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் அவளைத் தெரியாத பியூன் கிடையாது. எனக்கு மானம் போகும். கடைக்கு வருகிறவர்கள், “ஐ.நா. சபை உங்க அண்ணியாமே?” என்று கேட்டால், “தூரத்துச் சொந்தம்” என்று சொல்லியிருக்கிறேன்.

சுருக்குமடி என்றால் மீன் கூட்டத்தை அப்படியே சுற்றி வளைத்து, கீழே கயிற்றை இழுத்துச் சுருக்கிவிடும் பெரிய வலை. குஞ்சு, குளுவான் எதுவும் தப்பாது. வேறு ஊர்க்காரர்களைப் பார்த்து, எங்களுக்குத் தெற்கே இருக்கிற மேட்டுக்குப்பத்தாரும் போன வருஷம் அதைக் கரைக்குப் பக்கத்திலேயே போட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் கேட்கப் போனார்கள். கடலிலேயே கைகலப்பு. எங்கள் பங்காளி ஒருவன் தலையில் தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்தான். அவர்கள் பக்கம் ஒருவனுக்குக் கை உடைந்தது.

சிதம்பரத்தில் அதிகாரிகள் ‘பீஸ் மீட்டிங்’ போட்டார்கள். ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்றார்கள். “அவுங்க மொதல்ல குடுக்கட்டும்” என்றார் எங்கள் ஊர்த்தலைவர் தில்லைநாதன். “அவுங்க குடுத்தா நாங்க குடுக்கறோம்” என்றார் மேட்டுக்குப்பத்துத் தலைவர் இளவரசு. பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது. திங்கட்கிழமை கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு போட்டிலும் இரண்டு சுளுக்கி இருக்க வேண்டும். சுளுக்கி என்றால் குத்தீட்டி. சுறாவுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். அன்றைக்கு யாரும் சுறாவை நினைக்கவில்லை.

ஊர்க் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. அண்ணி வீட்டுக்குள் உட்கார்ந்து, வலைக்கு அடியில் அண்ணன் வைத்திருந்த இரண்டு சுளுக்கியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் குத்திவிட்டு ஜெயிலுக்குப் போவான், இல்லை குத்துப்பட்டு வருவான். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் குடும்பம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் அசந்து தூங்கும்போது, இரண்டையும் எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணி, உனக்குப் பைத்தியமா? ஊர வுட்டே தள்ளி வெச்சுடுவாங்க!”

“வெக்கட்டும். வந்தா வா, இல்லன்னா போ.”

போனேன். திட்டிக்கொண்டேதான் போனேன். மேட்டுக்குப்பத்தில் கோயில் வாசலில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஈட்டியோடு வரும் பெண்ணைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். நான் அண்ணிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“இன்னாம்மா, சண்டைக்கு வந்தியா?” என்றார் இளவரசு.

அண்ணி இரண்டையும் அவர் காலடியில் போட்டாள். “எங்க போட்டுக்குன்னு இருந்தது இந்த ரெண்டுதாண்ணே. நாளைக்கு எம் புருஷன் வெறுங்கையோடதான் கடலுக்கு வருவாரு.”

“அவன் அனுப்புனானா?”

“அவருக்குத் தெரியாது.”

ஒருவன் சிரித்தான். இளவரசு சிரிக்கவில்லை. “அதுக்குப் பதிலா நாங்க வலைய வுட்டுடணும், அதான?”

“வலைக்கு நான் கேஸ் போடுவேன், மனு குடுப்பேன், மந்திரி கார மறிப்பேன். அதுல ஒரு அடி எறங்கி வர மாட்டேன். அது வேற. ஆளக் குத்தறது எங்க வூட்டுலேந்து நடக்காது. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். முதுகில் ஏதாவது வந்து விழும் என்று பயந்துகொண்டே நானும் நடந்தேன். ஒன்றும் விழவில்லை.

வீட்டில் அண்ணன் குதித்தான். “ஏண்டி, என்னைப் பலி குடுக்கப் பாக்கறியா?”

“எல்லாரும் அடுத்தவன் மொதல்ல ஆயுதத்தக் கீழ வெக்கட்டும்னு உக்காந்திருக்கீங்க. ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் அதத்தான் சொல்றான். யாராவது ஒருத்தர் மொதல்ல வெக்கணுமில்ல? எனக்குக் கைக்கெட்டுனது நம்ம வூடுதான்.”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் ஊர்க் கூட்டம் அவனை நிற்க வைத்தது. புதிதாக இரண்டு சுளுக்கி வாங்கு, இல்லையென்றால் கடலுக்கு இறங்காதே என்றார் தில்லைநாதன். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

“வாங்க மாட்டேன் மாமா. எங்க வூட்டுல ஒரு வார்த்த குடுத்தாச்சு. நாளைக்குப் போகாம இருந்தா பயந்துட்டான்னும் சொல்லுவானுங்க. அதனால போவேன்.”

அதைக் கேட்டபோது என் அண்ணனை முதல்முறையாக எனக்கு ரொம்பப் பிடித்தது.

திங்கட்கிழமை அவன் போட் தனியாகப் போனது. மற்றவர்கள் அவனோடு போகவில்லை. என்ன ஆகிறதென்று பார்க்கலாம் என்று கரையிலேயே இருந்துவிட்டார்கள். அண்ணி மார்க்கெட்டுக்குப் போகாமல் மணலில் நின்றாள். சாப்பிடவில்லை. நேற்று ஈட்டியைத் தோளில் சுமந்தவள் இன்றைக்கு என் பக்கம் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அவளை நான் அப்படிப் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

வெயில் ஏறிய பிறகு போட் வந்தது. அண்ணன் இறங்கி, மீனைக்கூட எடுக்காமல் நேராக அவளிடம் வந்தான்.

“மேட்டுக்குப்பத்துப் போட்டு நாலு, கிட்டக்க வந்து சுத்திக்கிச்சு. ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தானுங்க. அப்பறம் இளவரசு எழுந்து அவனும் ரெண்டு கையத் தூக்கினான். அவன் ஆளுங்களும் தூக்குனானுங்க. ஒருத்தன் கையிலயும் ஒண்ணும் இல்ல.”

அண்ணி அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். சுற்றி நின்ற ஆண்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“என்ன வல போட்டிருந்தாங்க?”

“சுருக்குமடிதான்.”

“சரி, நான் கடலூருக்குக் கெளம்பறேன். இன்னிக்கு மனு வாங்கற நாளு,” என்று எழுந்து புடவையை உதறினாள். “நீங்கதான் உசுரோட வந்துட்டீங்கல்ல. இனிமே நிம்மதியா சண்ட போடலாம்.”