வாங்குறவங்க பக்கம்

பள்ளி பள்ளியாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதிப்பதுதான் அவள் வேலை. சோதனைச் சாமான்கள் அடங்கிய சிவப்புப் பெட்டியைக் கையைவிட்டு இறக்கவே மாட்டாள். அதனால் பிள்ளைகளுக்கு அவள் பெட்டியக்கா. "ஊரார் பிள்ளை மூளையெல்லாம் அளக்கிறே, வீட்டுச் சாவிய எங்க வெச்சேன்னு கேட்டா முழிக்கிறே" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும். ஒரு பிள்ளையை யாராவது மக்கு என்றுவிட்டால் போதும், தொலைந்தார்கள்.

அன்றைக்கு அதைத் தலைமையாசிரியையே சொன்னார். "இந்தப் பொண்ணு சுத்த மக்கு. இன்னிக்குத் தேறலேன்னா அடுத்த வருஷம் இங்க இடமில்லே." பிள்ளையின் அம்மா நடைபாதையில் கைக்கடிகாரம் விற்பவள். கடையை மூடிவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து வயதுப் பிள்ளை வாயே திறக்கவில்லை. சரி, கட்டையாவது அடுக்கட்டும் என்று பெட்டியக்கா ஒரு படத்தை அதன் முன்னால் வைத்து, "இதே மாதிரி அடுக்கு பாப்போம் கண்ணு" என்றாள். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அது விறுவிறுவென்று அடுக்கியது.

பெட்டியக்காவுக்கு எதிரே உட்கார்ந்தே பழக்கம். தனக்குத் தலைகீழாகத் தெரிந்தால் பிள்ளைக்குச் சரி. இது அவளுக்கு நேராகத் தெரிந்தது. அப்படியானால் தப்பு, விதிப்படி முட்டை. அடுத்ததும் முட்டை. அதற்கடுத்ததும் முட்டை. இன்னொன்றும் தப்பானால் சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

சட்டென்று அவளுக்கு உறைத்தது. அடக் கடவுளே! தெரியாமல் அடுக்குகிற பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டை பிசகாமலா தலைகீழாக அடுக்கும்?

"ஏன் கண்ணு இப்படி வெச்சே?"

"வாங்குறவங்க பக்கமாத்தானே வெக்கணும்? நீங்கதான் அங்க உக்காந்திருக்கீங்க. வாட்ச்ச என் பக்கமா வெச்சா அம்மா திட்டும்."

"அடி என் தங்கமே!" பெட்டியக்கா துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அதை இழுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பார்த்த படத்தை மறுபடி காட்டக்கூடாது. பெட்டியின் அடியிலிருந்த மாற்றுப் படங்களை எடுத்தாள். "இப்ப வாங்க யாருமே வரலே. நமக்கு நேரா இருக்கிற மாதிரி வை."

பிள்ளை பொளந்து கட்டியது! எட்டு வயதுப் பிள்ளைகள் திணறுகிற படத்தையும் முடித்துவிட்டு, "இன்னொன்னு?" என்றது. மிச்சக் கேள்விகளுக்கும் பதில் மளமளவென்று வந்தது.

கதவைத் திறந்ததும் அம்மா பதறி எழுந்தாள். நடந்ததைக் கேட்டவள் முகம் வாடிப்போனது. "அப்ப என்னாலதான் பிள்ளைக்கு முட்டையா? நான்தானேம்மா அப்படி வெக்கச் சொல்லிக் குடுத்தேன்?"

"அட, நீங்க வேற! திருப்பிப் போட்டு அடுக்கிப் பாருங்க, எனக்கே வராது. உங்க கடையில உக்காந்துதான் அவளுக்கு அது வந்திருக்கு. தேறிட்டாம்மா, ஜோராத் தேறிட்டா! இனிமே இடமில்லேன்னு யார் சொல்றாங்கன்னு பாக்கறேன்!"

சொல்லிக்கொண்டே தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினாள்.

"அக்கா, பெட்டி!" என்று பின்னாலிருந்து பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி கத்தியது பிள்ளை.